“அவள்” என்றால் யார்? வாசிக்கும்போது மூளை ஆளைத் தேடிப் பிடிக்கும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம், சனிக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் பாதி இந்த அவன், அவள், அவர் பற்றியதாகவே இருக்கிறது. அதனால் நானும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் வகுப்பில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சுட்டுப்பெயர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அவன், அவள், அவர், அவர்கள், அது, அவை. பக்கத்தில் இருந்தால் இவன், இவள், இது. ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டு, மறுபடி அதே ஆளையோ பொருளையோ குறிக்க வைக்கும் சின்னச் சொற்கள். பிரதிப்பெயர் என்றும் சில புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். பழந்தமிழில் அ, இ இரண்டோடு உ என்று மூன்றாவது சுட்டும் உண்டு. உவன், உது என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசுகிறார்கள்.

நானும் நீயும் இங்கே பேச்சில் இல்லை. ‘நான்’ என்றால் பேசுகிறவர், அவ்வளவுதான். தேட வேண்டிய வேலை படர்க்கையில்தான் இருக்கிறது.

‘அவள்’ என்று வாசித்ததும் மூளைக்குள் என்ன நடக்கிறது?

“வள்ளி கோயிலுக்குப் போனாள். வழியில் அவள் செருப்பு அறுந்துவிட்டது.” இதைப் படித்ததும் அறுந்த செருப்போடு வள்ளி உங்கள் கண் முன்னால் நிற்கிறாள். இரண்டாவது வாக்கியத்தில் வள்ளி என்ற பெயர் இல்லை. அவள் என்ற மூன்று எழுத்துக்குள் வள்ளியைப் பற்றி ஒன்றுமே கிடையாது; பெண், ஒருத்தி, இங்கே இல்லை, இவ்வளவுதான் இருக்கிறது. இருந்தும் வந்தது வேறு யாரோ ஒரு பெண் இல்லை, அதே வள்ளி. எப்படி?

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நம் காதுக்கு உள்பக்கமாக, மூளையின் பக்கவாட்டுப் பகுதியின் அடியில், ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. வளைந்த உருவம். கடல்குதிரைக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர்தான் அதற்கும். புதிய நினைவுகள் பதிவதற்கு இது இல்லாமல் முடியாது. 2005-ல் ரோட்ரிகோ கியான் கிரோகாவும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தப் பகுதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் விசித்திரமான சில நரம்பணுக்களைக் கண்டார்கள். ஒரு நரம்பணு ஹேலி பெர்ரி என்ற நடிகைக்கு மட்டும் துடித்தது. அவருடைய புகைப்படத்தைக் காட்டினாலும் துடித்தது, கோட்டோவியத்தைக் காட்டினாலும் துடித்தது, வெறும் எழுத்தில் அவர் பெயரைக் காட்டினாலும் துடித்தது. முகத்தின் வடிவத்துக்கோ எழுத்தின் வடிவத்துக்கோ அது துடிக்கவில்லை, அந்த ஆளுக்குத் துடித்தது. ‘கருத்து அணு’ என்று இவற்றைச் சொல்லலாம்.

சரி, பெயருக்குத் துடிக்கிற அணு ‘அவள்’ என்ற சொல்லுக்கும் துடிக்குமா? நெதர்லாந்து நரம்பறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த டோரிஸ் டைக்ஸ்டர்ஹௌஸ், மேத்யூ செல்ஃப், பீட்டர் ரூல்ஃப்செமா ஆகியோரின் குழு இதைத்தான் கேட்டது. ஒருவருடைய மூளையில் எந்த அணு யாருக்குத் துடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த ஆள் வருகிற வாக்கியங்களைத் திரையில் படிக்கக் கொடுத்தார்கள். பெயர் வந்த இடத்தில் அணு துடித்தது, அது எதிர்பார்த்ததுதான். அடுத்த வாக்கியத்தில் அதே ஆளைக் குறிக்கும் சுட்டுப்பெயர் வந்தபோது, அந்த அணு மறுபடி துடித்தது. 2024-ல் சயன்ஸ் இதழில் இந்த ஆய்வு வந்தது.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ‘அவள்’ வந்ததும் மூளை ஒரு குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்து போவதில்லை. வள்ளியையே மறுபடி கூப்பிடுகிறது.

மனிதர்கள் மூளையில் ஒற்றை அணுவை எப்படிப் பதிவு செய்ய முடிந்தது?

கடுமையான வலிப்பு நோய் உள்ளவர்கள் சிலருக்கு மருந்து கேட்பதில்லை. வலிப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்டுபிடித்தால்தான் அறுவை செய்ய முடியும். அதற்காக மருத்துவர்கள் மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைச் சில நாள் வைத்திருப்பார்கள். படுக்கையில் காத்திருக்கும் அந்த நாட்களில், சம்மதிக்கிற நோயாளிகள் இந்த மாதிரி ஆய்வுகளில் பங்கெடுக்கிறார்கள். சிகிச்சைக்காக வைத்ததுதான், ஆய்வுக்காக யார் தலையையும் திறப்பதில்லை. வகுப்பில் ஒரு பெண் பிள்ளை பயந்து போய்க் கேட்டாள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒருவருக்கு ஒரே ஒரு வள்ளி அணுதான் உண்டா என்றால், இல்லை. ஓர் ஆளுக்குப் பல அணுக்கள் துடிக்கும், ஓர் அணு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களுக்கும் துடிக்கலாம். மின்முனை பட்ட இடத்தில் அகப்பட்டதைத்தான் நாம் பார்க்கிறோம்.

எவ்வளவு வேகத்தில் நடக்கிறது?

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்திப் போகிறது. ஓர் இடத்தில் சுமார் கால் வினாடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். ஆங்கிலத்தில் சுட்டுப்பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துதான் என்பதால் கண் பல சமயம் அவற்றில் நிற்காமலே தாண்டிவிடும். நிற்காவிட்டாலும் ஓரக்கண்ணில் படித்துவிடுகிறது.

கேட்பதிலும் இதே வேகம்தான். 2000-த்தில் ஜெனிஃபர் ஆர்னால்டும் உடன் ஆய்வாளர்களும் டொனால்ட் வாத்து, மிக்கி, மின்னி படங்களைக் காட்டி வாக்கியங்களைக் கேட்க வைத்தார்கள். கண் எங்கே போகிறது என்று கருவி கவனித்தது. படத்தில் ஆண் ஒன்று பெண் ஒன்று இருந்தால், சுட்டுப்பெயர் காதில் விழுந்து முடிந்த சுமார் 200 மில்லி வினாடிக்குள் கண் சரியான ஆளிடம் போய்விட்டது. கண் இமைக்கும் நேரம் என்று சும்மா சொல்வோமே, ஏறக்குறைய அதுதான்.

எப்போதும் இத்தனை எளிதாக நடக்காது. பெயர் எங்கோ மேலே இருந்து, நடுவில் வேறு விஷயம் ஓடிவிட்டால் மூளைக்கு வேலை கூடுகிறது. 1983-ல் கேட் எர்லிக், கீத் ரெய்னர் இருவரும் வாசகர்களின் கண்ணசைவைப் பார்த்தபோது, பெயர் தூரத்தில் இருந்தால் சுட்டுப்பெயருக்கு அடுத்த சொற்களிலும் கண் கூடுதல் நேரம் தங்கியது. கண் முன்னே போனாலும் தேடல் இன்னும் முடியவில்லை.

இரண்டு பேரும் ஆண்கள் என்றால் எந்த ‘அவர்’ என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் வகுப்பில் போடும் கணக்கு இது:

பெரியப்பா மாமாவிடம் கடன் கேட்டார். அவருக்கு அப்போது கூரை மாற்ற வேண்டியிருந்தது.

பெரியப்பா மாமாவிடம் கடன் கேட்டார். அவரும் அப்போதுதான் புது வண்டி வாங்கிக் கையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முதலாவதில் ‘அவர்’ பெரியப்பா. இரண்டாவதில் மாமா. ‘அவருக்கு’, ‘அவரும்’ என்று சொல்லின் வால்தான் வேறு; ஆள் யார் என்று இலக்கணம் சொல்வதில்லை. கடன் கேட்பவருக்குத் தேவை இருக்கும், கொடுக்க முடியாதவருக்குக் காரணம் இருக்கும் என்று உலகம் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறதே, அதைக் கொண்டுதான் தீர்க்கிறோம். புயல் அடித்துத் தகரக் கூரை பறந்த ஊரில் வளர்ந்த பிள்ளை முதல் வாக்கியத்தை யோசிக்காமல் தீர்த்துவிடும். டெரி வினோகிராட் 1972-ல் இதே மாதிரி ஒரு வாக்கியத்தைக் காட்டித்தான், ஒரு சொல்லை மாற்றினால் ‘அவர்கள்’ யார் என்பதே மாறிவிடும், கணினிக்கு இது லேசில் வராது என்று விளக்கினார். பின்னாளில் இயந்திரங்களுக்கு வைக்கும் தேர்வு ஒன்றே அவர் பெயரில் வந்தது.

வினைச்சொல்லும் கைகாட்டும். “குமரன் செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டான், ஏனென்றால் அவன்…” என்று நிறுத்திப் பாருங்கள். தப்புச் செய்தது குமரன் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்திருக்கும். “குமரன் செல்வத்தைப் பார்த்துப் பயந்தான், ஏனென்றால் அவன்…” என்றால் மனம் செல்வத்திடம் போகிறது. கேத்தரின் கார்வி, ஆல்ஃபோன்சோ கரமாஸா இருவரும் 1974-ல் இதைக் கவனித்து எழுதினார்கள். எந்தக் கைகாட்டியும் இல்லாதபோது முதலில் சொல்லப்பட்டவர் பக்கம் மனம் சாய்கிறது என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

ஒன்றுமே தீர்மானமாகாமல் போனால்? மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்து பதிவு செய்தால் அந்தத் தடுமாற்றம் தெரிகிறது. 1999-ல் யோஸ் வான் பெர்க்கம் குழு நெதர்லாந்தில் டச்சு மொழியில் இதைக் கண்டது: குறிப்பிட்ட சொல் இரண்டு பேரில் யாருக்கும் பொருந்தலாம் என்றால், சுமார் 300 மில்லி வினாடியிலேயே தலையின் முன்பக்கத்தில் அலை இறங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. நாம் ‘யார்?’ என்று வாய் திறப்பதற்கு வெகு முன்பே மூளை கேட்டுவிடுகிறது.

மேலே சொன்ன 2024 ஆய்விலும் இரண்டு பேருக்கும் பொருந்தும் வாக்கியங்களைக் கொடுத்து, யார் என்று கேட்டிருக்கிறார்கள். படித்தவர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கும் அந்த ஆளுக்குரிய அணுவின் துடிப்புக்கும் தொடர்பு இருந்தது.

தமிழில் பாதி வாக்கியத்தில் ‘அவன்’ என்ற சொல்லே இல்லையே?

ஆமாம், நம் மொழியில் இதுதான் அழகு. “நேற்று வந்தாள். சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.” ஒரு ‘அவள்’ கூட இல்லை, ஆனாலும் யாருக்கும் குழப்பம் இல்லை. வினையின் வாலில் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்: ன், ள், ர், து.

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சுட்டுப்பெயர் வாக்கியத்தின் முன்னால் வந்து நிற்கும், ஆள் யார் என்று முதலிலேயே தெரிந்துவிடும். நமக்கோ, வாக்கியத்தின் கடைசி எழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மூளை சும்மா இருக்காது. முந்தைய வாக்கியத்தில் யார் இருந்தாரோ அவரையே வைத்துக்கொண்டு நடக்கும், கடைசி எழுத்தில் சரிபார்க்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை சொல்லின் நடுவிலேயே களைத்துவிடும். ‘வந்தாள்’ என்பதை ‘வந்தான்’ என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரு எழுத்துதான், ஆனால் கதையில் ஆள் மாறிவிட்டார்.

இத்தாலிய மொழியிலும் நம்மைப் போல் சுட்டுப்பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் வைக்கலாம். மரியா நெல்லா கார்மினாட்டி 2002-ல் செய்த ஆய்வில், சுட்டுப்பெயரை விட்டுவிட்டால் வாசகர்கள் பழைய எழுவாயையே எடுத்துக்கொண்டார்கள், வெளிப்படையாக எழுதினால் மற்ற ஆள் பக்கம் திரும்பினார்கள். தமிழ் வாசிக்கும்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. தேவையில்லாத இடத்தில் ‘அவன்’ என்று போட்டால், ‘ஏன் போட்டார், ஆள் மாறிவிட்டதோ’ என்று மனம் ஒரு கணம் நிமிர்கிறது.

இன்னொரு சொத்தும் நமக்கு உண்டு: ‘தன்’. “குமரன் செல்வத்திடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்” என்றால் சைக்கிள் குமரனுடையது, வேறு பேச்சுக்கே இடமில்லை. “அவன் சைக்கிளைக் கொடுத்தான்” என்றால் செல்வத்தின் சைக்கிளைத் திருப்பித் தந்திருக்கலாம், மூன்றாவது ஆள் ஒருவனின் சைக்கிளாகவும் இருக்கலாம். இத்தனை வேலை செய்கிற ‘தன்’னைப் பிள்ளைகள் எழுத்தில் பார்ப்பது குறைந்து வருகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதிலுக்கு ‘அவர்’ ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மரியாதை கொடுத்தோம் என்றால் ஆணா பெண்ணா என்ற குறிப்பு போய்விடும். “டாக்டர் டீச்சரிடம் பேசினார். அவர் கோபமாக இருந்தார்.” இங்கே வாசிப்பவர் கூடுதலாக உழைத்தே ஆக வேண்டும்.

வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். பிள்ளை அக்காவை ‘அவன்’ என்கிறான். ஆளே தெரியாமல் குழம்புகிறானா?

இல்லை. இதை நான் நன்றாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒரு தவறுக்காகப் பிள்ளைகள் வாங்கும் திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘லி’ என்று ஒரே சொல். அவன், அவள், அவர், அது, எல்லாம் லி. “லி பே வினி” என்றால் அண்ணன் வருகிறான் என்றும் இருக்கலாம், பாட்டி வருகிறார் என்றும் இருக்கலாம், பஸ் வருகிறது என்றும் இருக்கலாம். இந்தத் தீவில் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஆனால் பெரும்பாலான தமிழர் வீடுகளில் அடுப்படிப் பேச்சு கிரியோல்தான். அந்தப் பேச்சில் வளர்ந்த பிள்ளைக்கு, ஆளைக் குறிக்கும் சொல்லில் ஆண் பெண் ஒட்டியிருக்கும் என்பதே புதுச் செய்தி.

ஒரு சனிக்கிழமை நடந்தது. பாடத்தில் மீனா அக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறாள், பை நிறைந்துவிடுகிறது, காது அறுந்துவிடுகிறது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தன் வார்த்தையில் சொன்னான்: “அவன் பிரென்ஸெல் வாங்கினான், அவன் பை பிஞ்சு போச்சு, மிஸ்.” பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திருத்தவில்லை. “யாரோட பை?” என்று கேட்டேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து படத்தில் மீனாவின் இரட்டைப் பின்னல் மேல் விரலை வைத்து, “மீனா, மிஸ்” என்றான். நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவன் முகத்தில் ஓர் ஆச்சரியம்.

பாருங்கள், அவன் மூளையில் மீனா இருந்த இடத்தில்தான் இருந்தாள். சரியான ஆள், சரியான பை. வெளியே வந்த சொல்லில்தான் தவறான எழுத்து. மேலே சொன்ன அணுக்களை நினைத்துக்கொள்ளுங்கள்: அவை துடிப்பது ஆளுக்கு. ‘லி’ என்ற சொல் கேட்டு வளர்ந்த பிள்ளை, பால் குறிப்பு என்ற ஊன்றுகோல் இல்லாமலே ஆளைப் பிடிக்கப் பழகியவன். பேசியவர் எங்கே பார்த்தார், போன வாக்கியத்தில் யார் இருந்தார், இந்த வேலையை யார் செய்வார் என்று பார்த்தே நாள் முழுக்க ‘லி’யைத் தீர்த்துக்கொண்டிருக்கிறான். இதைத் திறமை என்றுதான் நான் சொல்வேன். பேச்சில் ‘தா’ என்ற ஒரே ஒலியால் ஆணையும் பெண்ணையும் குறிக்கும் சீன மொழிக்காரர்களும் ஆங்கிலம் பேசும்போது இதே தவறைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அம்மா யார், அப்பா யார் என்று தெரியாதா என்ன!

பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் சேரும்போது?

சிக்கல் கூடத்தான் செய்யும். பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். அதோடு, ‘அவனுடைய அம்மா’, ‘அவளுடைய அம்மா’ இரண்டும் ‘சா மேர்’. அம்மா பெண் என்பதால் ‘சா’. உடையவர் யார் என்று அதில் இல்லை. ஆங்கிலத்தில் நேர் எதிர், உடையவர் ஆணா பெண்ணா என்றுதான் சொல் மாறும். கிரியோலில் எல்லாம் ‘ஸோ’. காலையில் பிரெஞ்சுப் பத்திரிகைத் தலைப்பு, பள்ளியில் ஆங்கிலப் பாடம், இடைவேளையில் கிரியோல், சனிக்கிழமை என்னிடம் தமிழ். இத்தனையையும் தாங்குகிற தலைகள் இவை. கொஞ்சம் பொறுமையாக இருப்போம்.

ஆள் பொருந்தாத சுட்டுப்பெயர் வந்தால் மூளை என்ன செய்யும்?

லீ ஆஸ்டர்ஹௌட், லிண்டா மோப்லி இருவரும் 1995-ல் இப்படிச் சில ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்தார்கள். ‘தனக்கு லாட்டரி விழுந்தது என்று அத்தை கேள்விப்பட்டாள்’ என்று வர வேண்டிய இடத்தில் ஆணைக் குறிக்கும் சுட்டுப்பெயர் இருந்தது. ‘இது தப்பான வாக்கியம்’ என்று தீர்ப்புச் சொன்னவர்களின் மூளை அலையில், இலக்கணப் பிழையைக் கண்டால் எழும் மேடு சுமார் 600 மில்லி வினாடியில் எழுந்தது. ‘வேறு யாரோ ஓர் ஆணுக்கு விழுந்திருக்கும்’ என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த மேடு இல்லை. அவர்கள் கதைக்குள் புதிதாக ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

சந்தேகமே வராமல் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிவிடலாமே?

எழுதிப் பாருங்கள். “வள்ளி கோயிலுக்குப் போனாள். வள்ளி தேங்காய் வாங்கினாள். வள்ளி வரிசையில் நின்றாள்.” மூன்றாவது வள்ளியில் கண் இடறுகிறது, இது வேறு வள்ளியோ என்று கூடத் தோன்றுகிறது. பீட்டர் கார்டன், பார்பரா க்ரோஸ், லாரா கில்லியம் 1993-ல் இதை அளந்தார்கள்: பேச்சின் மையத்தில் இருக்கும் ஆளுக்குச் சுட்டுப்பெயர் போடாமல் பெயரையே மறுபடி போட்டால் வாசிப்பு மெதுவாகிறது. சுட்டுப்பெயர் வெறும் சுருக்கம் என்று நினைக்க வேண்டாம். ‘அதே ஆள்தான், பேச்சு தொடர்கிறது’ என்று அது வாசகருக்குத் தகவல் சொல்கிறது.

முதலில் ‘அவள்’, பிறகு பெயர் என்று எழுதலாமா?

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரே தொடர்ச்சியில் வந்தால் சுட்டுப்பெயரை முன்னால் சொல்ல மாட்டார்கள், பெயருக்குப் பின்னால்தான் வரும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதி இருக்கிறது. செய்யுளில் முன்னால் வரலாம் என்று அதற்கு அடுத்த நூற்பாவிலேயே விலக்கும் உண்டு. வாசகர் ஆளைத் தேடி முன்னும் பின்னும் அலையக் கூடாது என்ற கவலை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது. இன்றைய கதைகளில், யார் என்று தெரியாத ‘அவள்’ முதல் வரியிலேயே வந்து நிற்கிறாள். வாசகர் ஒரு காலி நாற்காலியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கதையில் அது நன்றாகவே இருக்கும். மருந்துச் சீட்டு, பள்ளி அறிவிப்பு போன்றவற்றில் வேண்டாம்.

பாட்டி இப்போதெல்லாம் பெயரே சொல்லாமல் ‘அவன் வந்தான், அது எங்கே’ என்கிறார். பயப்பட வேண்டுமா?

வயதானால் பெயர்கள் நாக்கு நுனியில் நிற்பது சாதாரணம். அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. பேச்சில் வரும் ‘அவன்’ யார் என்று வீட்டில் யாருக்கும் புரியாத அளவுக்குப் போனால், கூடவே மறதியும் இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். அல்சைமர் நோய் ஹிப்போகாம்பஸை ஆரம்பத்திலேயே பாதிக்கும்.

அப்படி இருந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமித் அல்மோரும் அவர் குழுவும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சுட்டுப்பெயரைவிடப் பெயரையே திரும்பச் சொன்னால் நன்றாகப் புரிந்தது. நமக்கு இடறும் அதே திரும்பச் சொல்லல் அவர்களுக்குக் கைப்பிடி. “அவன் சாயங்காலம் வருவான்” என்று சொல்லாமல், “முருகன் சாயங்காலம் வருவான். முருகன் வரும்போது பழம் வாங்கி வருவான்” என்று சொல்லுங்கள். குழந்தைக்குச் சொல்வது போல் இழுக்க வேண்டியதில்லை. சாதாரணக் குரலில், பெயரோடு பேசினால் போதும்.

2013-ல் ஜேக் குர்செக் முதலானவர்கள் செய்த ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஹிப்போகாம்பஸ் பழுதடைந்து மறதிக்கு ஆளானவர்கள், சொல்லி முடித்து ஒரு சில நொடியே ஆன வாக்கியத்திலும், யார் முதலில் சொல்லப்பட்டார் என்பதைப் பயன்படுத்திச் சுட்டுப்பெயரைத் தீர்க்கத் தடுமாறினார்கள். நினைவும் மொழியும் தனித்தனி அறை என்று நினைத்திருந்தவர்களை அது யோசிக்க வைத்தது.

பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது?

1980-களில் இங்கிலாந்தில் ஜேன் ஓக்ஹில், நிக்கோலா யூயில் ஆகியோர் பார்த்த பிள்ளைகளில் ஒரு வகையினர், சொற்களை நன்றாகவே வாசித்தார்கள், ஆனால் கதை மட்டும் புரியவில்லை. சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்று கேட்டால் அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தவறினார்கள். நம் வகுப்புகளிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு. சரளமாக வாசிப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

நான் செய்வது இதுதான். வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ‘அவள்’ வந்ததும் மெதுவாக “யார்?” என்பேன். பிள்ளை பதில் சொல்ல வேண்டாம், மேலே அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தால் போதும். ஒரு பக்கத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கேட்க மாட்டேன், கேட்டால் கதை செத்துவிடும். ஆள் சரியாக இருந்தால், எழுத்தைத் திருத்துவது எளிது: “ஆமாம், மீனாதான். மீனாவுக்கு அவள்.” ஆள் தவறினால் அங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ‘ஆணா பெண்ணா, ஒழுங்காகச் சொல்லு’ என்று ஆரம்பித்தால் பிள்ளை ள், ன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், கதையை விட்டுவிடும்.

கிரியோலில் ‘ஸோட்’ என்றால் நீங்கள், அவர்கள் இரண்டும்தானே? யாரும் குழம்புவதில்லையா?

நேரில் பேசும்போது குழம்புவது அபூர்வம். கண்ணும் கையும் சொல்லிவிடும். எழுத்தில் குழம்பும். ஒரு தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள், மாயெபூரிலிருந்து என் கணவரின் உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று சின்னம்மாவுக்கு போனில் எழுதியிருந்தேன். பதிலுக்கு அவர், “கி லேர் ஸோட் வினி?” என்று கேட்டார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பது அவர் கேள்வி. என் மனத்தில் மாயெபூர்க்காரர்கள்தான் நின்றுகொண்டிருந்தார்கள், அதனால் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று படித்தேன். மூன்று மணி என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து, விரதம் இருந்த பசியோடு ஐந்து பேரும் பன்னிரண்டரைக்கே சின்னம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். ஏழு கறியில் இரண்டுதான் இறங்கியிருந்தது, சோற்றுக்கு இன்னும் உலை வைக்கவில்லை. வாழை இலை நறுக்குவதற்கு எங்களையே உட்கார வைத்துவிட்டார். அடுத்த வருடம் அவர் அனுப்பிய செய்தியில் எங்கள் ஐந்து பேரின் பெயரும் வரிசையாக இருந்தது.